அக்கரைச் சீமையில் ஆப்பரேஷன்: பணம் யார் கொடுப்பது?



நமது கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒருவன் பிழைப்புக்காகக் கடல் கடந்து போகிறானென்றால், அந்த வீட்டில் நடக்கும் ஏற்பாடுகள் கொஞ்ச நஞ்சமல்ல. குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட்டாக வேண்டும். வீரபாண்டி கௌமாரிக்கு அடுத்த சித்திரையில் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து கொண்டாக வேண்டும். ஜோசியரிடம் நாள் குறித்து, ராகு காலமும் எமகண்டமும் கழித்து, எதிரில் வருகிறவர் யாரென்று பார்த்து வாசற்படியைத் தாண்ட வேண்டும். இது ஒரு மதத்தாரோடு நிற்கிற சங்கதியுமல்ல. முஸ்லிம் வீட்டில் தாயத்து. கிறிஸ்தவர் வீட்டில் நேர்ச்சை. பெயர் வேறு, செலவு ஒன்றே.

இவ்வளவும் எதற்காகச் செய்யப்படுகின்றன? “போகிற இடத்தில் உடம்புக்கு ஒன்று வந்துவிட்டால் என்ன செய்வது?” என்ற ஒரே பயத்திற்காக. ஆனால் அந்தக் கேள்வியை வாய்விட்டு மட்டும் கேட்கக் கூடாதாம். கேட்டால் அபசகுனமாம்! பயம் இருக்கலாம், பயத்திற்குச் செலவும் செய்யலாம், பயத்திற்குரிய காரியத்தைப் பற்றி விசாரிப்பது மாத்திரம் கூடாது என்றால், இதைவிட விசித்திரம் உலகத்தில் வேறெங்காவது உண்டா?

இந்த அபசகுனத்துக்கு ஒரு குடும்பம் கொடுத்த விலையை நாம் கண்ணால் பார்த்தோம். அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

ஒரு வீட்டுக் கதை

சின்னமனூருக்கு அடுத்த ஒரு கிராமத்தில் நமக்குத் தெரிந்த குடும்பம். மகன் பத்தாவது தேறி, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்சார வேலை படித்தவன். வளைகுடா நாடொன்றில் வேலை என்று ஒரு ஏஜண்டு சொன்னார். “இப்போது விசிட் விசாவில் போகட்டும், அங்கே போன பிறகு வேலை விசாவாக மாற்றிக் கொள்ளலாம்” என்றார். பணம் கொடுத்து உதவியவர்களில் நாமும் ஒருவர். புறப்படுகிற அன்று, “தம்பி, அங்கே உடம்பு சரியில்லையென்றால் ஆஸ்பத்திரிச் செலவு யார் பொறுப்பு? இன்ஷ்யூரன்ஸ் உண்டா?” என்று நாம் வாயெடுத்தோம். உடனே பையனின் தாயார், “கிளம்புற நேரத்தில ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்குண்ணே? நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்க” என்றார். நாமும் வாயை மூடிக் கொண்டோம். சகுனத்தில் நம்பிக்கையில்லாத நாமே, ஒரு தாயின் மனம் நோகுமே என்று, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டோம். இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக் கொள்ளுகிறோம்.

மூன்றாவது மாதம் பையனுக்கு வயிற்று வலி. வாயுவென்று இரண்டு நாள் கிடந்தான். மூன்றாம் நாள் குடல்வால் வெடித்து விட்டது. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் அவசரமாக வயிற்றைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்காக அந்த டாக்டர்களை நாம் வணங்கத்தான் வேண்டும். உயிர் தப்பிய மறுநாள் பில் வந்தது. வேலை வாங்கிய காண்டிராக்டர், “இவன் என் கணக்கில் இல்லை” என்று கையை விரித்தார். அது உண்மையுந்தான். விசிட் விசாவில் வந்தவன் எவன் கணக்கில் இருப்பான்? நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல். கூட இருந்த ஊர்க்காரர்கள் செல்போனில் படம் போட்டுப் பிச்சை எடுத்தார்கள். இங்கே தாயாரின் நகை அடகுக்குப் போயிற்று; அரை ஏக்கர் திராட்சைத் தோட்டம் ஒத்திக்குப் போயிற்று. பையன் வயிற்றில் தழும்போடும் தலையில் கடனோடும் திரும்பி வந்தான்.

தகப்பனார் நம்மையும் கூட்டிக்கொண்டு ஏஜண்டிடம் போனார். “அய்யா, இப்படி ஆகிப் போச்சே” என்றார். ஏஜண்டு சொன்ன பதிலென்ன தெரியுமா? “எல்லாம் அவன் தலையெழுத்து, நாம என்ன செய்ய முடியும்?” என்பதுதான். கமிஷன் வாங்குகிறபோது தலையெழுத்து இல்லை. ரசீது எழுத மறுத்தபோதும் தலையெழுத்து இல்லை. பில் வந்த பிறகுதான் தலையெழுத்து வருகிறது. நல்ல எழுத்து இது! நல்ல வார்த்தை சொல்லி அனுப்பச் சொன்ன அந்தத் தாயார் இன்று விடியற்காலம் ஜீப்பேறிக் கம்பம்மெட்டு வழியாக மலைமேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறார்.

இன்ஷ்யூரன்ஸ் என்பது என்ன?

நிற்க. “இன்ஷ்யூரன்ஸ் என்பதெல்லாம் படித்தவன் பணக்காரன் சங்கதி” என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது தவறு. குடிமராமத்து நமது பாட்டன்மாருக்குத் தெரிந்த சங்கதி. வாய்க்கால் கரை எந்த வருஷம் யாருடைய வயலோரம் உடையும் என்று ஒருவனுக்கும் தெரியாது. ஆனால் எங்கேயாவது உடையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எல்லோரும் முன்கூட்டியே ஆளும் பணமும் கொடுத்தார்கள். உடைந்த இடத்தில் ஊரே கூடி அடைத்தது. “உன் வயலோரம் உடைந்தது உன் பூர்வ ஜன்மப் பாவம்” என்று யாரும் போய்ப் படுத்துக் கொள்ளவில்லை.

அது போலத்தான் இதுவும். பேச்சுக்கு ஆயிரம் தொழிலாளிகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர்களில் பத்துப் பேருக்கு ஒரு வருஷத்தில் ஆப்பரேஷன் தேவைப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் செலவு. ஆளுக்கு 500 ரூபாய் முன்னதாகவே போட்டு வைத்தால் 5 லட்சம் சேருகிறது. பத்துப் பேருக்கும் வைத்தியம் நடந்து விடுகிறது. எந்தப் பத்துப் பேர் என்பது ஜோசியனுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இதுதான் இன்ஷ்யூரன்ஸின் ரகசியம். மற்றபடி இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. வெறுங் கூட்டல் கணக்கு.

இதில் முதலாளியும் பங்கு கொடுக்க வேண்டும் என்பதும் புது நியாயமல்ல. ஜெர்மனியில் 1883-இலேயே தொழிலாளர் நோய் இன்ஷ்யூரன்ஸ் சட்டம் செய்தார்கள். தொழிலாளி இரண்டு பங்கும் முதலாளி ஒரு பங்கும் போட்டார்கள். இங்கிலாந்தில் 1911-ஆம் வருஷத்துச் சட்டப்படி வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்னி, முதலாளி 3 பென்னி, சர்க்கார் 2 பென்னி. நமது நாட்டிலும் 1948-இல் தொழிலாளர் அரசு இன்ஷ்யூரன்ஸ் சட்டம் வந்தது. ஏன்? தொழிலாளியின் உடம்பு தேய்வது முதலாளியின் லாபத்திற்காக. யந்திரம் தேய்ந்தால் எண்ணெய்ச் செலவு யாருடையது? யந்திரத்தையா கேட்கிறார்கள்?

நமது ஜனங்களோ, ஊர் விட்டு ஊர் போய்ப் பிறர் வேலையில் உடம்பை இழப்பதற்கு ஒன்றும் புதியவர்களல்ல. 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணை கட்டிய காலத்தில் காட்டுக் காய்ச்சலாலும் காலராவாலும் செத்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். இன்று அந்தத் தண்ணீரில் இரண்டு போகம் விளைவிக்கும் நாம் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறோம். அது நன்றியுள்ள காரியம், தகும். ஆனால் மண் சுமந்து செத்தவர்களின் குடும்பங்களுக்கு யார் படியளந்தார்கள் என்று நாம் கேட்டதுண்டா? அதற்கும் முன்னே இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போன கூலிகள் வழியிலும் தோட்டத்திலும் செத்து விழுந்த பிறகுதான், அவர்களுடைய வைத்தியத்துக்கென்று அங்கே 1872-இல் சட்டம் செய்தார்கள். செத்தவர்கள் எண்ணிக்கை பெருகிய பிறகே சட்டம் பிறப்பது வழக்கமாக இருக்கிறது. சட்டம் பிறந்த பிறகும் அதைத் தெரிந்து கொள்ளாமலிருப்பது நமது வழக்கமாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

இப்போது நம்மவர்கள் போகும் நாடுகளைப் பார்ப்போம்.

சவூதி அரேபியாவில் 1999-இல் செய்த சட்டப்படி, தனியார் கம்பெனியில் வேலை செய்யும் அன்னியத் தொழிலாளிக்கும் அவனைச் சார்ந்து அங்கே குடியிருக்கும் குடும்பத்துக்கும் வைத்திய இன்ஷ்யூரன்ஸ் எடுத்துக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அபுதாபியில் 2005-லும், துபாயில் 2013-லும் இப்படியே சட்டம் வந்தது. துபாய்ச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், இந்தச் செலவைத் தொழிலாளி தலையில் போடக் கூடாது என்று சொல்லுகிறது. ஷார்ஜா, அஜ்மான் முதலான மற்ற ஐந்து எமிரேட்டுகளிலும் 2025 ஜனவரி 1 முதல் இன்ஷ்யூரன்ஸ் இல்லாமல் வேலை விசா கிடையாது, புதுப்பிப்பதும் கிடையாது என்று ஆக்கியிருக்கிறார்கள். அங்கே வீட்டு வேலை செய்பவர்களையும் இதில் சேர்த்திருப்பது மெச்சத் தகுந்தது. ஏனெனில் இப்படிப்பட்ட சட்டங்களில் எப்போதும் கடைசியில் நினைக்கப்படுகிறவள் வீட்டு வேலைக்காரிதான்.

அந்த ஐந்து எமிரேட்டுகளுக்கு வைத்த அடிப்படைப் பாலிசியின் சந்தா வருஷத்துக்கு 320 திர்ஹாம். நம் பணத்தில் ஏழாயிரத்துச் சில்லறை. ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்து கொள்ளும் சிகிச்சையில் தொழிலாளி நூற்றுக்கு இருபது கொடுக்க வேண்டும். ஆனால் அது ஒரு தடவைக்கு 500 திர்ஹாமுக்கு மேலோ, வருஷத்துக்கு 1,000 திர்ஹாமுக்கு மேலோ போகக் கூடாது. மிச்சம் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. நன்றாய்க் கவனியுங்கள். நமது பையன் முறையான வேலை விசாவில் இப்படி ஒரு பாலிசிக்குள் இருந்திருந்தால், பெரும்பாலும் 500 திர்ஹாமுக்குள் முடிந்திருக்கக் கூடிய காரியம் ஐந்து லட்சத்துக்குப் போயிற்று. வித்தியாசம் விதியில் இல்லை, விசாவில் இருந்தது.

சிங்கப்பூரில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய வைத்திய இன்ஷ்யூரன்ஸ் முன்பு 15,000 வெள்ளியாக இருந்தது. 2023 ஜூலை 1 முதல் அது குறைந்தபட்சம் 60,000 வெள்ளி. ஏன் உயர்த்தினார்கள்? 15,000 வெள்ளி ஒரு பெரிய ஆப்பரேஷனுக்குப் போதாது என்று கணக்குப் பார்த்துத் தெரிந்து கொண்டதால். மலேயாவில் 2011-இல் அன்னியத் தொழிலாளருக்கு ஆஸ்பத்திரி, ஆப்பரேஷன் இன்ஷ்யூரன்ஸைக் கட்டாயமாக்கியபோது, வருஷச் சந்தா 120 ரிங்கிட், பாதுகாப்பு 10,000 ரிங்கிட் என்று வைத்தார்கள். ஆனால் அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியிலேகூட அன்னியனுக்குக் கட்டணம் வேறு, உள்நாட்டானுக்குக் கட்டணம் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் விசாவோடு சேர்த்தே வைத்தியக் கட்டணம் வாங்கி விடுகிறார்கள். 2024 பிப்ரவரி முதல் மாணவருக்கு வருஷத்துக்கு 776 பவுன், மற்றவர்களில் பெரும்பாலோருக்கு 1,035 பவுன். வாங்கிய பிறகு அந்நாட்டாரைப் போலவே அவர்களுக்கும் சர்க்கார் வைத்தியம் உண்டு. பணம் அதிகந்தான், ஆனால் இதில் ஏமாற்றம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கோ பேரனைப் பார்க்கவோ போகும் வயோதிகப் பெற்றோர் நிலைமைதான் ஆபத்தானது. அங்கே ஆஸ்பத்திரிச் செலவு உலகத்திலேயே அதிகம் என்பது பிரசித்தம். பிரயாண இன்ஷ்யூரன்ஸ் எடுத்தாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் கொடுக்க மாட்டார்கள். ஆவக்காய் ஊறுகாயை எத்தனை காகிதத்தில் சுற்றுவது என்று ஒரு வாரம் யோசிக்கும் வீடு, பாலிசித் தாளை ஒரு நிமிஷம் படித்துப் பார்க்கக் கூடாதா?

ஓட்டை எங்கே?

சட்டம் இவ்வளவு நன்றாயிருக்கும்போது நம்மவர் ஏன் கஷ்டப்படுகிறார்கள் என்றால், சட்டம் காப்பது முறைப்படி வேலைக்கு எடுக்கப்பட்டவனைத்தான். விசிட் விசாவில் போனவன் சட்டத்துக்கு வெளியே நிற்கிறான். ஒரு முதலாளி பெயரில் விசா வாங்கிக் கொண்டு வேறு இடத்தில் வேலை செய்பவன் பாதி வெளியே நிற்கிறான். முதலாளி விசாவைப் புதுப்பிக்காமல் விட்டால் விசாவோடு இன்ஷ்யூரன்ஸும் போகிறது. வேலை போனாலும் அது போகிறது. ஆக, எந்தச் சமயத்தில் மனிதனுக்கு ஆதரவு அதிகம் வேண்டுமோ, அந்தச் சமயத்தில்தான் அது இல்லாமல் போகிறது.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவன் முதலில் சென்னை, திருச்சி போன்ற இடங்களில் அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்துக்குப் போய், தன் கைக்காசைக் கொடுத்து, ரத்தமும் நெஞ்சுப் படமும் கொடுத்து, “இவன் நோயில்லாதவன்” என்று சான்று வாங்க வேண்டும். தொழிலாளியின் உடம்பு முதலாளிக்குத் தகுமா என்று சோதிக்கத் தொழிலாளியே பணம் கட்டுகிறான். தொழிலாளியின் உடம்புக்கு முதலாளி தகுவானா என்று சோதிக்க நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது? ஒன்றுமில்லை.

நமது சர்க்கார் செய்திருப்பதும் செய்யாததும்

இந்திய சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 1983-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, ஏஜண்டு என்பவர் சர்க்காரில் பதிவு செய்து கொண்டவராக இருக்க வேண்டும். அவர் தொழிலாளியிடம் வாங்கக் கூடிய கூலி, வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. 2003-இல் ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ என்று ஒரு இன்ஷ்யூரன்ஸ் ஏற்படுத்தினார்கள். (பெயரே நமது ஜனங்களின் வாயில் நுழையாது, நுழையாத பெயர் வைத்தால் உரிமை மட்டும் எப்படி நுழையும்?) 2017-இல் அதைத் திருத்தியபோது வைத்த ஏற்பாட்டின்படி, இரண்டு வருஷத்துக்குச் சந்தா 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மொத்தம் 1 லட்சம். ஒரு தடவைக்கு 50,000 வரை.

இதில் இரண்டு குறைகள். முதலாவது, 50,000 ரூபாய் என்பது துபாய்ப் பணத்தில் ஏறக்குறைய 2,000 திர்ஹாம். அக்கரையில் வயிற்றைத் திறக்கிற காரியத்துக்கு அது எந்த மூலைக்கு? இரண்டாவது, இது கட்டாயமாக இருப்பது, பத்தாவது தேறாதவர்கள் சவூதி, மலேயா முதலிய குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான். பத்தாவது தேறியவனுக்குக் கட்டாயமில்லை. அவன் படித்தவனாம், தன்னைத் தானே பார்த்துக் கொள்ளுவானாம்! நமது சின்னமனூர்ப் பையன் பத்தாவது தேறியவன் என்பதை ஞாபகப்படுத்திக் கொள்ளுங்கள். குடல்வால் வெடிக்கும்போது பரீட்சைச் சான்றைப் பார்த்தா வெடிக்கிறது?

கஷ்டத்தில் அகப்பட்டவர்களுக்கு உதவ, 2009-இல் ஏற்படுத்திய ஒரு சமூக நலநிதி இந்தியத் தூதரகங்களில் இருக்கிறது. அவசர வைத்தியத்துக்கும், பிரேதத்தை ஊருக்கு அனுப்பவும் அதிலிருந்து கொடுக்கலாம். ஆனால் அது கதியற்றவனென்று கண்ட பிறகு கொடுப்பது. உரிமையாகக் கேட்டு வாங்குவதல்ல. தமிழ்நாட்டுச் சர்க்கார், 2011-இல் செய்த சட்டத்தின்படி வெளிநாட்டுத் தமிழருக்கென்று நலவாரியம் வைத்திருக்கிறது. அதில் பேர் பதிந்து கொள்ளாமலே நம்மவர் விமானம் ஏறுகிறார்கள்.

திரும்பி வந்தவனுக்கு இங்கே என்ன உண்டு? 2009-இல் தமிழ்நாட்டில் ஏழைகளுக்கென்று உயிர்காக்கும் இன்ஷ்யூரன்ஸ் திட்டம் ஆரம்பிக்கப்பட்டு, 2012 முதல் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை வைத்தியம் உண்டு. க.விலக்கு பெரியாஸ்பத்திரியில் தினமும் எத்தனையோ ஏழைகளுக்கு ஆப்பரேஷன் நடக்கிறது. ஆனால் இந்தக் கார்டு அக்கரையில் செல்லாது. மலைக்கு அந்தப் பக்கத்துச் சர்க்கார்கூடத் தன் எல்லைக்குள் வந்து வேலை செய்யும் வெளி மாகாணத்தாருக்காக 2017-இல் ‘ஆவாஸ்’ என்று ஒரு இன்ஷ்யூரன்ஸ் வைத்து, ஆரம்பத்தில் 15,000 ரூபாய் வைத்தியத்துக்கும், விபத்தில் செத்தால் 2 லட்சத்துக்கும் வகை செய்தது. தொகை சிறிதுதான். ஆயினும் வந்து உழைப்பவனின் உடம்பு, உழைப்பை வாங்குகிற ஊரின் பொறுப்பு என்ற நியாயத்தை அது ஒப்புக் கொள்ளுகிறது. நமக்கு வேண்டியது அந்த நியாயமே.

பிச்சையா, சந்தாவா?

இனி ஒரு முக்கியமான சங்கதி. நமது பையனுக்காக அங்கிருந்த ஊர்க்காரர்கள் பணம் திரட்டினார்களே, அவர்களை நாம் குறை கூறவில்லை. நல்ல நெஞ்சம் படைத்தவர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வயிற்றில் குழாய் சொருகிக் கிடக்கும் ஒரு வாலிபனைப் படம் பிடித்து, ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டி, “இரங்குங்கள்” என்று கையேந்த வேண்டியிருந்தது. அவன் என்ன பிச்சைக்காரனா? தினம் பத்து மணி நேரம் உழைத்தவன். உழைத்தவன் வைத்தியத்துக்குக் கையேந்துவதைவிட மானக்கேடு எது? கொடுத்தவர்களும் முகம் தெரிந்தவனுக்குக் கொடுத்தார்கள். முகம் தெரியாதவன், நம் ஜாதி அல்லாதவன், பேசத் தெரியாதவன் விழுந்தால் யார் படம் போடுவார்?

இரக்கம் ஆளைப் பார்த்து வரும். சந்தா ஆளைப் பார்க்காது. இரக்கம் விழுந்த பிறகு வரும். சந்தா விழுவதற்கு முன்பே காத்திருக்கும். இரக்கத்துக்கு நன்றி சொல்லிக் கொண்டே இருக்க வேண்டும்; சந்தாவுக்கு ரசீது காட்டினால் போதும். ஒரே பணந்தான். பின்னால் கொடுத்தால் பிச்சையாகிறது. முன்னால் கொடுத்தால் உரிமையாகிறது.

“இதையெல்லாம் கேட்டால் ஏஜண்டு வேறு ஆளைப் பார்ப்பான், வேலை போய்விடும்” என்று சிலர் சொல்லுவார்கள். ஒருவன் மட்டும் கேட்டால் போகத்தான் செய்யும். கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரையில் எல்லோரும் கேட்டால் அவன் எந்த ஊருக்குப் போய் ஆள் பிடிப்பான்? மேலும், ஆஸ்பத்திரிச் செலவு யாருடையதென்று கேட்டதற்காகவே போய்விடுகிற வேலை, ஆஸ்பத்திரிக்குப் போன அன்று நிற்கப் போகிறதா?

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே இனிமேல் எந்த வீட்டிலாவது பெட்டி கட்டினால், நாள் பார்ப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

விசா வேலை விசாவா, விசிட் விசாவா? விசிட் விசாவானால் இங்கேயே நில்லுங்கள். ஏஜண்டு சர்க்காரில் பதிவு செய்தவரா? நம்பரைக் கேட்டு, சர்க்கார் பட்டியலில் ஒத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வைத்திய இன்ஷ்யூரன்ஸ் முதலாளி பொறுப்பென்று எழுத்தில் இருக்கிறதா? வாய் வார்த்தை கடல் தாண்டாது.

போய்ச் சேர்ந்ததும் இன்ஷ்யூரன்ஸ் கார்டு கைக்கு வந்ததா? அதில் உங்கள் பெயர்தானா? கெடு எந்தத் தேதியில் முடிகிறது? எந்தெந்த ஆஸ்பத்திரியில் செல்லும்? ஆப்பரேஷனுக்கு எவ்வளவு வரை கொடுப்பார்கள், நம் பங்கு எவ்வளவு? அவசரமில்லாத ஆப்பரேஷனானால் கம்பெனியின் சம்மதத்தை முன்னதாக வாங்காமல் ஆஸ்பத்திரியில் படுக்காதீர்கள். படுத்தபின் கேட்டால் இல்லை என்பார்கள்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, குடலிறக்கம் போன்ற பழைய நோய்களை மறைக்காதீர்கள். சில பாலிசிகளில் பழைய நோய்க்கு முதல் ஆறு மாதம் பணம் கிடையாது. மறைத்தது தெரிந்தால் எப்போதுமே கிடையாமற் போகலாம். குடலிறக்கம் போன்றது இருந்தால் இங்கேயே ஆப்பரேஷன் செய்து கொண்டு, உடம்பு தேறிய பிறகு போங்கள். வேலை மாறும்போது பழைய பாலிசி முடிந்து புதியது தொடங்கும் வரை இடைவெளி எத்தனை நாள் என்று கேளுங்கள். பத்தாவது தேறியவர்கள் சர்க்கார் கட்டாயப்படுத்தவில்லையே என்றிராமல், தாங்களாகவே ஒரு பாலிசி எடுத்துக் கொள்ளுங்கள். பாலிசி, பாஸ்போர்ட், ஒப்பந்தம் மூன்றின் நகலும் வீட்டில், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை கையில் இருக்கட்டும். ஆபத்துக் காலத்தில் அலையப் போகிறவள் அவள்தான்.

இதோடு ஊருக்கொரு காரியம் செய்யலாம். ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் வெளிநாடு போயிருப்பவர்கள் மாதம் நூறு ரூபாய் போட்டு, ஜாதி மத பேதமில்லாமல் ஒரு பொது நிதியும் பகிரங்கமான கணக்கும் வைக்கட்டும். பாலிசிக்கு எட்டாத பங்கை அது கொடுக்கட்டும். சர்க்காரை நாம் கேட்பது மூன்று. வேலைக்காகக் கடல் கடக்கும் ஒவ்வொருவருக்கும், பத்தாவது தேறினாலும் தேறாவிட்டாலும், இன்ஷ்யூரன்ஸ் கட்டாயமாக வேண்டும். ஒரு தடவைக்கு 50,000 என்ற வரம்பை, போகிற நாட்டின் ஆஸ்பத்திரிச் செலவைக் கணக்குப் பார்த்து உயர்த்த வேண்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லத் தேனியில் ஒரு ஆள் உட்கார வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனின் தம்பி இப்போது சிங்கப்பூருக்குப் போக ஏற்பாடாகிறது. சென்ற வாரம் தகப்பனார் நம்மை அழைத்தனுப்பினார். போனோம். ஏஜண்டு கொடுத்த தாள்களைத் திண்ணையில் விரித்து வைத்துக் கொண்டு, நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தாயார் கேட்டார்: “அண்ணே, இதுல ஆப்பரேஷனுக்கு எவ்வளவுன்னு எங்க போட்டிருக்கு? காட்டுங்க.”

சகுனம் பார்த்த வாய் கணக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. அதற்கு அந்தக் குடும்பம் ஐந்து லட்சமும் ஒரு தோட்டமும் கொடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்களாவது சும்மா கேட்டுக் கொள்ளுங்கள், கேட்பதற்குக் காசில்லை.